வேடெனின் இறங்கி வென்றவர் அல்ல, ஏறி வென்றவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோவியத் வீரரும் பின்னாளில் பயிற்சியாளருமான வியாசெஸ்லாவ் வேடெனின் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். கிரிக்கெட்டும் கபடியும் நிறைந்த பக்கத்தில் அவருக்கு அரைப் பத்தி ஒதுக்கியதே பெரிது. ஆனால் போட்ட படம் தப்பு. முழங்காலை மடக்கிக் குனிந்தபடி சரிவில் பறந்து இறங்குகிறாரே, அவர் ஆல்பைன், அதாவது மலைச்சரிவில் இறங்கும் ஸ்கீ வீரர். வேடெனின் ஓடியது கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங், காலில் நீளப் பலகைகளைக் கட்டிக் கோலூன்றிப் பனியில் நெடுந்தூரம் ஓடுவது. தொப்பூர் கணவாயில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கில் இறங்குவதும், அதே கணவாயில் சைக்கிளை மிதித்து ஏறுவதும் ஒன்றாகுமா? ஒரு கிராஸ்-கன்ட்ரி பாதையில் ஏற்றம், இறக்கம், சமதளம் மூன்றும் ஏறக்குறைய சம பங்கு இருக்கும். நேரக் கணக்கில் பாதிக்கு மேல் ஏற்றமே தின்றுவிடும். போட்டி தீர்மானமாவதும் அங்கேதான்.

'பனிச்சறுக்கு' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவதால் வருகிற குழப்பம் இது. நல்ல தமிழ்ச் சொல் அமையும் வரை 'கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங்' என்றே அச்சிடுங்கள். சறுக்குமரம் என்று நினைத்துப் படிப்பதைவிட அது மேல்.

இன்னொரு சின்னத் திருத்தம். அவர் 1941-இல் பிறந்த ஸ்லோபொடா கிராமம் மாஸ்கோவுக்குத் தெற்கே தூலா மாகாணத்தில், டூப்னா வட்டாரத்தில் இருக்கிறது. அணு ஆராய்ச்சி நிலையம் உள்ள டூப்னா நகரம் வேறு, மாஸ்கோவுக்கு வடக்கே இருப்பது.

பதக்கங்களைப் பட்டியலாகப் போட்டுவிட்டீர்கள், விநாடிகளை விட்டுவிட்டீர்கள். இந்த ஆட்டத்தின் ருசியே விநாடியில்தான். 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டர் ஓடி, நார்வேயின் எல்லெஃப்சேட்டரிடம் அவர் தங்கத்தை இழந்தது 17 விநாடிக்கும் குறைவான இடைவெளியில். இரண்டரை மணி நேர ஓட்டத்தில் 17 விநாடி! ஒரு முறை கால் வழுக்கிச் சமாளித்து நிமிர்ந்தாலே அதில் பாதி போய்விடும். 1970-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா மலையில் நடந்த உலகப் போட்டியில் 30 கிலோமீட்டரிலும் தொடரோட்டத்திலும் தங்கம். 1972 பிப்ரவரி 4, சப்போரோ ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டரை 1 மணி 36 நிமிடம் 31 விநாடியில் முடித்து மறுபடியும் தங்கம். ஒலிம்பிக் கிராஸ்-கன்ட்ரியில் சோவியத் ஆண் ஒருவர் வென்ற முதல் தனிநபர் தங்கம் அதுதான். உங்கள் குறிப்பில் இந்த வரியே இல்லை.

அதே சப்போரோவின் 4x10 கிலோமீட்டர் தொடரோட்டத்தை 'கடைசி நொடி அதிசயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதிசயம் இல்லை, கணக்கு. வொரன்கோவ், ஸ்கோபோவ், சிமாஷெவ் மூவரும் ஓடி முடித்து, கடைசிக் கட்டத்துக்கு வேடெனின் புறப்பட்டபோது நார்வேயின் யோஸ் ஹார்விகன் சுமார் 1 நிமிடம் முன்னால் போயிருந்தார். முடிவில் சோவியத் அணி 9 விநாடி முன்னால். ஆக, 10 கிலோமீட்டரில் சுமார் 70 விநாடி, கிலோமீட்டருக்கு 7 விநாடி மீட்டிருக்கிறார். அன்று அணியின் சராசரி கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 7 விநாடி. அப்படியானால் எதிராளியைவிட 4 சதவீதத்துக்கும் குறைவான வேகக் கூடுதல்தான். ஒரே பாய்ச்சலில் பிடிக்கப் போயிருந்தால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியிருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதே ஹார்விகன்தான் 30 கிலோமீட்டரில் வெண்கலம் வென்றவர். அங்கே வேடெனினுக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 61 விநாடி மட்டுமே. முப்பதில் இழந்ததைவிடப் பத்தில் அதிகம் இழந்திருக்கிறார். அன்றைய தனிநபர் ஓட்டத்தில் ஒவ்வொருவரையும் இடைவெளி விட்டு அனுப்பினார்கள், ஓடியது கடிகாரத்தோடு. தொடரோட்டத்தில் துரத்துகிறவனுக்கு முன்னால் ஒரு முதுகு தெரிகிறது, ஓடுகிறவனுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. முதல் பாதியில் பதறி வேகம் கூட்டுகிறவன் கடைசி ஏற்றத்தில் அதற்கு வட்டி கட்டுவான். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் 5,000 மீட்டரில் செய்கிற தவறும் இதேதான். முதல் சுற்றை நானூறு மீட்டர் பந்தயம் போல ஓடிவிட்டு, எட்டாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஸ்கீ பலகையின் அடியில் பூசும் மெழுகு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது எங்களுக்குப் பெரிய குறை. 1972-இல் எல்லோரும் ஓடியது கிளாசிக் முறை, இரு பலகைகளையும் இணையாக வைத்து மாறி மாறி முன்னே தள்ளும் நடை. கால்களை விரித்துத் தள்ளும் ஸ்கேட்டிங் நடை 1980-களில்தான் பரவியது. பலகையும் மரம்தான். கண்ணாடியிழைப் பலகை 1974-இல் நுழைந்து சீக்கிரமே மரத்தை விரட்டிவிட்டது. மரப் பலகையின் அடியில் முதலில் பைன் தாரைத் தடவித் தீயில் காட்டி ஊற வைப்பார்கள், ஈரம் இறங்காமல் இருக்க. அதன்மேல் மெழுகு. பலகை நடுவில் வில் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் நடுப்பகுதி பனியைத் தொடாது, பலகை வழுக்கும். ஒரே காலில் எடை முழுவதையும் போட்டு உதைத்தால் நடுப்பகுதி பனியில் அழுந்திப் பிடிக்கும். சரிபார்க்க ஒரு காகிதம் போதும். இரு காலில் நிற்கையில் பாதத்துக்கு அடியில் காகிதம் நகர வேண்டும். ஒரு காலில் நின்றால் நகரக் கூடாது.

பிடி மெழுகை அந்த நடுப்பகுதியில் மட்டும், குதிகாலிலிருந்து பாதத்துக்கு முன்னால் ஒரு சாண் தாண்டும் வரை, நாலைந்து மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். மொத்தமாக அப்பினால் வீண். கடுங்குளிருக்குக் கெட்டியான பச்சை, அடுத்து நீலம், பூஜ்ஜியத்தை நெருங்கும்போது ஊதா, சிவப்பு. உருகி உறைந்த பழைய பனிக்குப் பசை போன்ற கிளிஸ்டர். மெழுகு தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் ஏற்றத்தில் கால் பின்னால் வழுக்கும், ஒவ்வோர் அடியும் முக்கால் அடியாகும். மெழுகு இளகலாக இருந்தால் புதுப்பனி அதில் ஒட்டிக்கொண்டு விலகாது. கையில் தண்ணீர் தொடாமல் கேழ்வரகுக் களியை உருட்டிப் பாருங்கள், தெரியும். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுப்பனி கொட்டினால் எந்த வீரனுக்கும் வயிறு கலங்கும். காலையில் பார்த்துப் பூசிய மெழுகு பத்து மணிக்குப் பொய்யாகிவிடும்.

ஓய்வுக்குப் பிறகு அவர் பயிற்சியாளராகப் பணியாற்றினார். 2021 அக்டோபரில், 80 வயதில் காலமானார். 'பனி இல்லாத நமக்கு இவரால் என்ன பயன்' என்று உங்கள் குறிப்பு முடிகிறது. ரஷ்யப் பயிற்சி முறையில் கோடைக்காலப் பயிற்சி பெரும்பாலும் பனி இல்லாமல்தான். இரு கையிலும் கோலூன்றி, ஸ்கீ நடையைப் போலவே தாவித் தாவி மண் மேட்டில் ஏறுவார்கள். அதற்குப் பெயரே 'இமிதாத்சியா', போலச் செய்தல். இதற்கு வத்தல்மலைப் பாதையோரம் போதும், இராயக்கோட்டை மலை அடிவாரமும் போதும். கிருஷ்ணகிரிக் கோட்டைப் பாறை வேண்டாம், கோல் முனை வழுக்கும்.

கோலுக்கு மூங்கிலே சரி. ஒரு காலத்தில் ஸ்கீ கோல்களும் பிரம்பும் மூங்கிலும்தான். 165 செ.மீ. உயரமுள்ளவருக்குப் பனியில் 140 செ.மீ. கோல் என்றால், மேட்டில் 125 முதல் 130 வரை. நுனிக்கு இரும்புப் பூண், மேலே இரண்டு விரல் அகல நாடா. கையை நாடாவின் அடியிலிருந்து மேலே விட்டு, நாடாவோடு சேர்த்துக் கோலைப் பிடிக்க வேண்டும். பாரத்தை மணிக்கட்டு தாங்கும். கோலையே இறுக்கிப் பிடித்தால் பத்தே நிமிடத்தில் முன்கை கட்டிக்கொள்ளும். கோல் எதிர்க்காலின் பாதத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். முன்னால் நீட்டிக் குத்தினால் அதுவே பிரேக். மூன்று நிமிட ஏற்றம், மெதுவாக நடந்து இறக்கம், முதல் மாதம் நாலு முறை, வாரத்தில் ஒரே நாள். இறக்கத்தில் ஓட விடாதீர்கள், முழங்கால் போய்விடும்.

இப்படிக்கு,
நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர்கள் சிலர்,
தருமபுரி.