அலையடிக்கும் பார்டர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தீபாவளி ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன, தலை நிமிர நேரமில்லை என்று எழுதியிருந்தாய். ஹூஸ்டனில் எனக்கும் அதே நிலைதான். கிறிஸ்துமஸுக்குள் வேண்டும் என்று ஆளாளுக்கு குவில்ட்டோடு வந்து நிற்கிறார்கள். குவில்ட் என்றால், துணித்துண்டுகளை ஒட்டுப்போட்ட மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வை. மேல்துணியை அவர்கள் தைத்துக் கொண்டுவருவார்கள், மூன்றையும் மெஷினில் சேர்த்துத் தைப்பது என் வேலை.

அதில் ஒன்றைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். பேரன் கல்யாணத்துக்காக ஒரு பாட்டி முதன்முதலாக ஒட்டுப்போட்டுத் தைத்தது. விரித்தால் மேஜையில் படியவே மாட்டேன் என்கிறது. டேப் வைத்துப் பார்த்தேன்: நடுவில் 82 இன்ச், இரண்டு ஓரத்திலும் 86. பார்டரை அளந்து வெட்டாமல், நீளத் துணியை வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை நறுக்கியிருக்கிறார். ஓரமெல்லாம் புடவைக் கொசுவம் மாதிரி அலையடிக்கிறது. உள்ளே ஒட்டுப்போட்ட கட்டங்களும் முனைக்கு முனை சேரவில்லை. ஒரு தையலுக்கு 1/16 இன்ச் பிசகினாலே 16 தையலில் ஒரு இன்ச் போய்விடும், உனக்குத் தெரியாததா!

என் மெஷினில் துணியை உருளைகளில் இழுத்துக் கட்டித்தான் தைக்க வேண்டும். உபரித் துணி இருந்தால், மெஷினின் பாதம் அதை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் மடிப்பு விழுந்து, அதன் மேலேயே தையலும் ஏறிவிடும்.

இந்தத் தொழிலில் சிலர் வாயே திறக்காமல் மடிப்போடு தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்காது. பாட்டியை வரச்சொல்லி, டேப்பை அவர் கையிலேயே கொடுத்து அளக்க வைத்தேன். அவருக்கே புரிந்துவிட்டது. பார்டரைப் பிரித்து, நடு அளவுக்கு வெட்டி வைக்கச் சம்மதித்தார். கட்டங்களை மட்டும் தொட வேண்டாம் என்றார்.

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. கோணல் என்றாலே குறை என்று அர்த்தமில்லை. அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய துணியில் தைத்த குவில்ட்டுகளில் நேர்கோடு தேடினால் கிடைக்காது, அத்தனை அழகு. 2002-ல் இங்கே நுண்கலை அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள், 2006-ல் தபால்தலையாகவும் வந்தன.

அப்புறம் வேலை. கட்டங்கள் உப்பியிருந்த இடத்தில் கஞ்சி தெளித்து ஆவி இஸ்திரி போட்டேன். நடு அடுக்கில் மெல்லிய பருத்திக்குப் பதில் கம்பளி வைத்தேன். அது உப்பலாக இருப்பதால் தொளதொளப்பை வாங்கிக்கொள்ளும். கட்டங்களின் தையலை ஒட்டியே நேர்கோடாகத் தைத்தால் கோணல் பளிச்சென்று தெரியும். அதனால் துணி முழுக்க நெருக்கமாக நெளிநெளியாய் ஓட்டினேன், துணியோடு கலந்துபோகும் சாம்பல் நூலில். நாலைந்து மடிப்பு சேர்கிற முனைகளில் மட்டும் மெதுவாகப் போக வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் ஊசி முறிந்துவிடும்.

சரி, ஒன்று கேட்கிறேன். வேறொருவர் தைத்த ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வந்தால், பிரிக்கிற கூலியைத் தனியாக வாங்குவாயா, தையல் கூலியோடு சேர்த்தா? நான் தனியாகத்தான் போட்டேன், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உன் வழக்கம் என்னவென்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி