ஊர் அறிவு மையத்துக்கு உதவுங்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வேதாரண்யம் வட்டத்தில், உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். சமுதாயக் கூடத்தின் பக்கவாட்டு அறையில் கணினி அறிவு மையம் ஒன்றைத் தொடங்க, ஊரின் எல்லாத் தெருக்காரர்களும் சேர்ந்து குழு அமைத்திருக்கிறோம். கடலுக்குப் போகிறவர்கள், உப்பு வாருகிறவர்கள், சம்பா சாகுபடி செய்கிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் குழுவில் உண்டு. பாதிக்கு மேல் பெண்கள். மையத்துக்கான நன்கொடை கேட்டே இதை எழுதுகிறோம்.

‘வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கும்போது மையம் எதற்கு?’ என்று ஊர்க்கூட்டத்திலேயே கேட்டார்கள். பட்டா, சிட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, பயிர்க் காப்பீடு, கல்லூரிச் சேர்க்கை எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன. வந்தது நல்லதுதான். தாலுகா அலுவலக வாசலில் கால்கடுக்க நின்ற காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் சிறிய திரையில் நீளமான படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பி, சான்றுகளை ஸ்கேன் செய்து ஏற்றுவது எழுதப்படிக்கத் தெரிந்தவர்களுக்கே சிரமம். சம்பா காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். நடவு வேலைக்கு நடுவே, மழையில் பஸ் ஏறி டவுனுக்குப் போனால் அங்கே ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்பார்கள். குத்தகைக்கு உழுகிறவருக்கு அன்றைய கூலியும் போய், காப்பீடும் போகும்.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் கைகளைப் பாருங்கள். வருடக்கணக்கில் உப்பிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறி விரல் நுனிகள் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். ஆதார் சரிபார்க்கும் கருவியில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார்கள், ஏற்காது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். அடுத்த விரல், அதற்கடுத்த விரல். ‘ரேகை பதியவில்லை, நாளைக்கு வாருங்கள்’ என்ற பதிலோடு, தனக்கு உரிமையுள்ள பணத்தை எடுக்க முடியாமல் திரும்புவார்கள். உழைத்துத் தேய்ந்த கைக்கு இப்படி ஒரு தண்டனை கூடாது. கருவிழியைக் கொண்டு சரிபார்க்கும் கருவி இருக்கிறது. அதை வாங்கி வைக்க வேண்டும் என்பது எங்கள் பட்டியலில் முதல் வரி.

இந்த யோசனை புதியதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லேயே புதுச்சேரி கிராமங்களில் இத்தகைய மையங்களைத் தொடங்கியது. ஊர் இடம் கொடுக்க வேண்டும், அந்த இடத்துக்குத் தலித் மக்கள் உட்பட எல்லோரும் தடையின்றி வந்துபோக வேண்டும், நடத்துகிறவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். புதுச்சேரி மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர விவரத்தை எடுத்து, கரையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, புதுச்சேரிக் கடலோர ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொல்ல, அங்கிருந்தவர்கள் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரையே எழுப்பிக் கரையை விட்டு ஓடச் செய்தார்கள். அதே நாளில் எங்கள் நாகப்பட்டினம் மாவட்டம் ஆயிரக்கணக்கானவர்களை இழந்தது. இதை எழுதும்போது கை நடுங்கத்தான் செய்கிறது.

இப்போது ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி ஆகியவற்றை வெளியிடுகிறது. ஃபைபர் படகுக்காரருக்கு இது டீசல் மிச்சம். சில நாட்களில் உயிரே மிச்சம். அந்தத் தகவலை விடியுமுன்னே கரையில் கேட்கும்படி சொல்ல ஒரு குரல் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் கரையில் ஏறியபோது மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் சேர்ந்தே போயின. அவரவர் கையில் போன் இருந்தும் பக்கத்து ஊரில் யார் உயிரோடு இருக்கிறார் என்று தெரியாமல் தவித்தோம். அதனால்தான் சூரிய மின்தகடும் பேட்டரியும் இல்லாமல் மையத்தைத் திறப்பதில்லை என்று உறுதியாக இருக்கிறோம்.

செலவு இது. கணினி இரண்டு, பிரிண்டர், ஸ்கேனர், ரேகை மற்றும் கருவிழிக் கருவிகளுக்கு ரூ. 1,26,000. சூரிய மின்தகடு, பேட்டரிக்கு ரூ. 1,40,000. கரையிலும் உப்பளத் தெருவிலும் ஒலிபெருக்கி வைக்க ரூ. 45,000. மையத்தை நடத்தப்போகும் உள்ளூர்ப் பெண்கள் இருவருக்கு மாதம் தலா ரூ. 8,000 வீதம் இரண்டு ஆண்டுச் சம்பளம் ரூ. 3,84,000. மொத்தம் ரூ. 6,95,000. ஊருக்குள் இதுவரை ரூ. 1,10,000 திரட்டியிருக்கிறோம், இன்னும் ரூ. 5,85,000 வேண்டும். அறையும் மின்கட்டணமும் ஊர்ப் பஞ்சாயத்தார் பொறுப்பு.

பாதிக்கு மேல் சம்பளத்துக்கா என்று சிலர் தயங்குகிறார்கள். கணினி வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் போன பிறகு பூட்டிக் கிடக்கும் அறைகளை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டோம். படிவத்தை நிரப்பி, ‘அக்கா, உங்கள் மனு எண் இது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல ஆள் இருந்தால்தான் அது மையம். இரண்டு ஆண்டுக்குப் பிறகு சேவைக்கான சிறு கட்டணத்திலிருந்து சம்பளத்தின் ஒரு பகுதியை ஈட்ட முடியும் என்று நம்புகிறோம். முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளிடம் எப்போதும் கட்டணம் வாங்க மாட்டோம்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், மையத்தை நடத்தும் பெண்களில் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை நண்பர்களோடு சேர்ந்து ஏற்றுக்கொள்ளலாம். நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிது. பணம் குழுவின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். யாரிடமும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். கணக்கில் மூவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது. அதில் ஒருவர் மகளிர் சுய உதவிக் குழுப் பிரதிநிதி. ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது உண்டு. வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்படும். வெளியூர் நன்கொடையாளர்களுக்கு அதன் நகல் அனுப்புவோம். பழைய மடிக்கணினி தர விரும்புவோர், பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஒலிபெருக்கியும் பேட்டரியும் வேலை செய்யத் தொடங்க வேண்டும். ஆகவே முதலில் வரும் தொகை அவற்றுக்கே செலவாகும்.

இப்படிக்கு,
ஊர் அறிவு மையக் குழுவினர்