அது கல்பாசி இல்ல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல கொடைக்கானல் பாறை ஒண்ண போட்டோ போட்டு கீழ கல்பாசின்னு எழுதியிருந்தீங்க. பிரியாணிலயும் செட்டிநாட்டு குழம்புலயும் போடுறோமே அந்த கல்பாசி லைக்கன் சார், பூஞ்சையும் பாசியும் சேந்து ஒரே குடித்தனம் நடத்துற ஜீவன், தண்டு இலைன்னு எதுவும் கிடையாது, கிழிஞ்ச அப்பளம் மாதிரி தட்டையா கிடக்கும். நீங்க போட்டது மாஸ் (moss), குட்டித் தண்டும் இலையும் உள்ள செடி, அதையும் நம்ம ஊர்ல பாசின்னுதான் சொல்றோம். குளத்துல மிதக்குறதும் பாசி, கிணத்தடில வழுக்குறதும் பாசி, கழுத்துல போடுற மணியும் பாசின்னா குழப்பம் வராம என்ன பண்ணும்.

போட்டோவ பெருசாக்கி பாத்தேன். கரும்பச்சைல குட்டி குட்டி மெத்தையா இருக்கு, மேல நரைச்ச மாதிரி தெரியுதே அது ஒவ்வொரு இலை நுனிலயும் இருக்குற வெள்ளை முடி. எனக்கு கிரிம்மியாங்கற மாஸ் வகையறான்னு படுது, ஆனா எந்த கிரிம்மியான்னு போட்டோவ வச்சு சொல்ல முடியாது, இலைய குறுக்க சீவி மைக்ராஸ்கோப்ல பாக்கணும். இதே மாதிரி மலைப்பாறைல கருப்பா ஒட்டிக்கிட்டு ஆண்ட்ரியேயான்னு இன்னொரு மாஸ் உண்டு, அதுக்கு இந்த நரை இருக்காது, வித்துப்பை பக்கவாட்டுல நாலா கீறி லாந்தர் விளக்கு மாதிரி திறக்கும், ஈரம் பட்டா மூடிக்கும். கிரிம்மியால வித்துப்பையோட மூடி கழண்டு விழுந்து வாயச் சுத்தி 16 பல்லு தெரியும். பத்து மடங்கு லென்ஸ் இருந்தா போதும், பாத்துடலாம்.

அப்புறம் "காய்ந்துபோன"ன்னு வேற எழுதிட்டீங்க. செத்ததில்ல சார் அது. வேரே கிடையாது, மொட்டப்பாறைல வெயில்ல கிடந்து மழையும் பனிமூட்டமும் குடுக்குற தண்ணிலதான் பொழப்பு, தண்ணி இல்லேன்னா இலைய சுருட்டிக்கிட்டு மாசக்கணக்கா கிடக்கும், பாட்டில்லேந்து கொஞ்சம் தெளிச்சுப் பாருங்க, சில நிமிஷத்துல விரிஞ்சு பச்சையாயிடும்.

கொடைக்கானல் பக்கத்து ஷெண்பகனூர்ல இருந்த பாதிரியார் ஃபொரோ, பழனி மலை மாஸ்களுக்கு ஒரு பட்டியலே போட்டு 1961ல பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழ்ல எழுதியிருக்காரு. உங்க நிருபர் தம்பி அத ஒரு தடவ புரட்டிப் பாத்தா நல்லாருக்கும்.

திருத்தம் சீக்கிரம் போடுங்க சார், உங்க போட்டோவ பாத்துட்டு பக்கத்து வீட்டு அக்கா கொடைக்கானல் போனா குருமாவுக்கு ஒரு கவர் சுரண்டிட்டு வரச் சொல்றாங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு பாட்டனி வாத்தியார்,
திண்டுக்கல்