முத்துவுக்கு, உன் கனெக்ஷன் கேள்விக்கு

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்; ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு வரை வந்துவிடுகிறார். உன்னையும் விசாரித்தார்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பைத்தான் ப்ரோகிராமைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேச வைக்கும் லைப்ரரிகளில் பழைய சைக்கோபிஜி 2 போதும் போதும் என்றாகிவிட்டது, சைக்கோபிஜி 3-க்குப் போவதா, ஏசிங்க்பிஜிக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். எல்லோரும் முதலில் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, ட்ரான்சாக்ஷன் (சேர்ந்தே முடிய வேண்டிய டேட்டாபேஸ் வேலைகளின் கட்டு) எப்போது திறக்கிறது, அதை யார் மூடுகிறார்கள் என்பதை.

போன மாதம் ஒரு டேபிளில் புது நெடுவரிசை (காலம்) சேர்க்க ஆல்டர் டேபிள் கட்டளை ஓட்டினோம். கண்மூடித் திறப்பதற்குள் முடிய வேண்டிய வேலை, இருபது நிமிஷம் நகரவே இல்லை. அதற்குப் பின்னால் வந்த, டேட்டாவைப் படிக்கும் செலக்ட் எல்லாம் வரிசையில் மாட்டிக்கொண்டது. எந்தக் கனெக்ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்தால் ஒரே ஒரு வரி: 'ஐடில் இன் ட்ரான்சாக்ஷன்', அதாவது ட்ரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கிறது, காலையிலிருந்து. ஏதோ ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் செலக்ட் போட்டுவிட்டு கமிட் செய்யாமல், அதாவது ட்ரான்சாக்ஷனை முடித்து வைக்காமல், கிடந்திருக்கிறது. சைக்கோபிஜி 2-இல் வெறும் செலக்ட் போட்டாலே ட்ரான்சாக்ஷன் தொடங்கிவிடும். அது முடிகிற வரை டேபிளின் மேல் லாக் இருக்கும், ஆல்டர் டேபிள் காத்துக் கிடக்கும். எழுதிய பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. படிப்பதற்குக் கூட கமிட் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

3-இலும் இந்தக் குணம் மாறவில்லை. ஆனால் 'வித்' போட்டு கனெக்ஷன் திறந்தால் வித்தியாசம் தெரியும். 2-இல் அது கமிட் செய்வதோடு சரி, கனெக்ஷன் திறந்தே இருக்கும். 3-இல் கமிட் செய்து மூடியும் விடும். ஏசிங்க்பிஜி நேர் எதிர்: நீயாக ட்ரான்சாக்ஷன் திறக்காத வரை ஒவ்வொரு குவெரியும் உடனுக்குடன் கமிட் ஆகிவிடும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அது வேகம் என்பதும் உண்மைதான். பைனரியாகப் பேசுகிறது, ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டை (சர்வரில் முன்கூட்டியே தயார் செய்து வைத்த குவெரியை) மறுபடி பயன்படுத்தத் தானே கேஷ் செய்கிறது. ஆனால் கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் உங்கள் பிஜிபவுன்சர் ட்ரான்சாக்ஷன் மோடில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாயே! அதில் ஒவ்வொரு ட்ரான்சாக்ஷனும் வேறு வேறு கனெக்ஷனுக்குப் போகலாம், தயார் செய்து வைத்த குவெரி அங்கே இருக்காது. 2023-இல் வந்த 1.21-க்கு முந்தைய பதிப்பு என்றால் அந்தக் கேஷை 0 ஆக்க வேண்டும். சைக்கோபிஜி 3-உம் ஒரே குவெரி ஐந்து முறை ஓடியதும் ப்ரிப்பேர் செய்யும். அதையும் நிறுத்தி வை. அப்புறம், ஏசிங்க்பிஜி பைத்தானின் டிபி-ஏபிஐ (டேட்டாபேஸ் லைப்ரரிகளுக்கான பொது விதிமுறை) வழியில் வராது. குவெரியில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் 'பர்சன்ட் எஸ்' இருப்பதையெல்லாம் 'டாலர் 1', 'டாலர் 2' என்று மாற்ற வேண்டும். பத்து வருஷக் கோடில் அது எத்தனை இடம்!

உங்களுக்கு 3 தான் சரி. மாறும்போது, 'இன்' போட்டுப் பல மதிப்புகளை டியூப்பிளாக அனுப்பும் குவெரிகள் உடையும். 'எனி' போட்டு லிஸ்டாக அனுப்பு. புதிதாக எழுதும் அசிங்க் (ஒரு வேலைக்காகக் காத்திருக்கும்போதே வேறு வேலை பார்க்கும்) சர்வீஸுக்கு மட்டும் ஏசிங்க்பிஜி வைத்துக்கொள். எதுவானாலும் சர்வரில் ஐடில் ட்ரான்சாக்ஷனுக்கு டைம்அவுட் இன்றைக்கே போட்டுவிடு.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? வந்தால் லேப்டாப்பையும் எடுத்து வா, உன் கனெக்ஷன் பூல் செட்டிங்கை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
செல்வம்