பினாங்கு ஜார்ஜ்டவுன் சுவரோவிய நடை: பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகள் பல நாளாகக் கேட்ட சுவரோவிய நடை முடிவாகிவிட்டது.

நாள்: 11 ஏப்ரல் 2026, சனிக்கிழமை
நேரம்: காலை 7.30
கூடுமிடம்: லெபோ குயின் (குயின் தெரு) மகா மாரியம்மன் கோயில் வாசல்

1. முதலில் லெபோ ஆர்மேனியன். நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரோடு பொருத்தி, அதில் இரண்டு பிள்ளைகள் போவதுபோல் 2012-இல் ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்தார். நம் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து போவதுபோல் படம் எடுக்கலாம். வெயில் ஏறினால் வரிசை நீண்டுவிடும், தாமதிக்க வேண்டாம்.
2. அடுத்து லெபோ ஆ குவீ மோட்டார் சைக்கிள் பையன், பிறகு லெபோ கேனனில் நாற்காலிமேல் நின்று எட்டும் சிறுவன். எனக்கு மிகப் பிடித்தது இவன்தான்!
3. சைக்கிள் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். ஓவியத்தைக் கையால் தேய்க்கவும் கூடாது, சாயம் ஏற்கெனவே மங்கியிருக்கிறது.
4. தொப்பி, தண்ணீர், நடக்க வசதியான காலணி.
5. சாலை குறுகல், வண்டிகள் வரும். சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.
6. பசியாறல் லிட்டில் இந்தியாவில், அவரவர் செலவு.

வருவோர் பிள்ளையின் பெயர், உடன் வரும் பெரியவர் எண்ணிக்கையைப் புதன் இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள். வர இயலாதவர்களும் ஒரு வரி சொல்லுங்கள். நன்றி.