இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூதர்களின் தொடக்கப்பள்ளிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். காலை வழிபாடு, தலையில் குல்லா, எழுத்தின் மேல் தடவிய தேன், வேதப் பாராயணம் என்று நமக்குப் புதிதாகத் தெரிபவற்றையெல்லாம் சுவையாகச் சொன்ன கட்டுரையாளர், கடைசியில் ‘மனப்பாடக் கல்வி’ என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிட்டது எனக்குக் குறையாகப் பட்டது. பென்னாகரம் வட்டத்தில் மலையடிவாரத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கல்விமுறையில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது.

தேன் நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. நாம் விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதவைக்கிறோம். இடைக்கால ஐரோப்பாவின் யூதர்கள் எழுத்துப் பலகையில் தேனைத் தடவிப் பிள்ளையை நக்கச் சொன்னார்கள். இன்றும் பல பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைக்குப் பெற்றோர் முன்னிலையில் விழா எடுத்து வழிபாட்டு நூலைக் கையில் கொடுக்கிறார்கள். அதன் பெயர் சித்தூர். (கிருஷ்ணகிரியின் எல்லையைத் தாண்டினால் வரும் மாவட்டத்தின் பெயர்போல ஒலித்தாலும், எபிரேயத்தில் அதற்கு ஒழுங்குமுறை என்று பொருள்.) அது கைதவறி விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள், புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பிள்ளைகளைப் போல.

விழா முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். தல்மூத் என்னும் அவர்களுடைய சட்ட விவாதத் தொகுப்பில் இதற்கு ஒரு வரலாறே உண்டு. தொடக்கத்தில் தந்தையே மகனுக்குக் கற்பித்தார். தந்தையில்லாத பிள்ளை கல்லாமல் நின்றான். எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். கூட்டிச் செல்லத் தந்தையில்லாதவன் அங்கும் போக முடியவில்லை. பிறகு வட்டாரந்தோறும் அமர்த்தி, பதினாறு, பதினேழு வயதில் சேர்த்தார்கள்; ஆசிரியர் கடிந்துகொண்டால் அந்த வயதுப் பையன் உதறிவிட்டு எழுந்து போனான். கடைசியில், கி.பி. 70-இல் எருசலேம் கோயில் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா, ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி ஆறு, ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். அதே பகுதியில் கணக்கும் வருகிறது: 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 40 ஆனால் ஊர்ச் செலவில் அவருக்கு ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள்.

அடிக்க நேர்ந்தால் செருப்பு வாரால் மட்டுமே அடிக்கலாம், படிக்கிறவன் படிப்பான், படிக்காதவன் தோழனுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கட்டும் என்றும் அங்கே ஓர் அறிவுரை உண்டு. திண்ணைப் பள்ளியில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கோதண்டம் போட்ட கதையைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்தக் கடைசி வரியை எளிதில் மறக்க முடியவில்லை.

மனப்பாடம் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் பாஸ்கா என்னும் திருநாளின் இரவில் வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று கேட்ட பிறகே, பெரியவர்கள் எகிப்திலிருந்து மீண்ட கதையைத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியைப் பள்ளியில் முன்கூட்டியே பழக்கி அனுப்புகிறார்கள். கேள்வி கேட்பதையே மனப்பாடமாக்கித் தரும் ஒரு முறையை வெறும் நெட்டுரு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. குறை சொல்வதானால் வேறொன்றைச் சொல்லலாம்: இந்தக் கவனமெல்லாம் நெடுங்காலம் ஆண் பிள்ளைகளுக்கே கிடைத்தது. பெண் குழந்தைகளுக்கென்று போலந்தின் கிராகோவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையற்கலைப் பெண்மணி சமயப் பள்ளி தொடங்கியது 1917-இல்தான்.

நம் அரசுப் பள்ளிகளில் சமயம் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு அதற்கு இடம் தருவதும் இல்லை. நான் எண்ணிப் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. தலைக்கு முப்பது என்பது தாளில் மோசமில்லை. ஆனால் அந்த இருவருக்கு வகுப்புகள் ஐந்து. அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணிகளுக்கு ஆசிரியர்களை அழைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. தல்மூதோ, கோயில் கட்டும் வேலைக்காகக்கூடப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தக் கூடாது என்கிறது. அவர்களுக்குக் கோயிலைவிடப் பெரிய வேலை வேறு எது?

ஓர் ஆண்டு என் பள்ளியின் உதவி ஆசிரியர் வாக்காளர் பட்டியல் பணிக்குப் போனபோது, ஐந்து வகுப்புகளையும் ஒரே தாழ்வாரத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். நான்காம் வகுப்புப் பெண்கள் முதல் வகுப்புக்கு அகரம் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் அவர்களுடைய கணக்குப் பாடம் அந்த வாரங்களில் நகரவே இல்லை. பேரிடர்க் காலம் வேறு. மற்றப் பணிகளிலிருந்து ஈராசிரியர் பள்ளிகளுக்கு மட்டுமாவது முழு விலக்கு வேண்டும் என்று தங்கள் நாளிதழ் தலையங்கம் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.