திண்ணையை இடிக்க வேண்டாம் அம்மா

தோ பாயோ, சிங்கப்பூர்
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு மலர் எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீ, அப்பா, அப்பாயி, அண்ணன், தம்பி எல்லாரும் சௌக்கியமா? மேலத்தெரு சித்தப்பா மகன்கிட்ட கொடுத்து விட்ட பை வந்து சேர்ந்துச்சு. வடகம் உடையாம இருக்கு. மோர்மிளகாயில பாதியை என்கூட வேலை பார்க்குற திருவாரூர் அக்காவுக்குக் கொடுத்தேன். பைக்கு அடியில உன் கடிதம் இருந்துச்சு. போன்ல பேசினா சாப்பிட்டியா, மழை பெய்யுதா, சரி வச்சிடவான்னு முடிஞ்சுபோகுது. திண்ணை விஷயத்தை நீ போன்ல வாயே திறக்கல, கடிதத்துலதான் எழுதியிருக்க. அதனால நானும் எழுதியே பதில் சொல்றேன். அப்பா பக்கத்துல இருக்கும்போது சத்தமா படிம்மா. இது அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

தையில அண்ணன் கல்யாணம், அதுக்குள்ள முன்பக்கத் திண்ணையை இடிச்சு ஹாலை இழுத்துக் கட்டி டைல்ஸ் போடணும், மார்கழி பிறக்குறதுக்கு முன்னாடி இடிக்கிற வேலையை முடிச்சிடணும்னு எழுதியிருக்க. கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தாச்சான்னு எழுதல. கொடுக்கலைன்னா தயவுசெஞ்சு கொடுக்காத. காரணத்தைக் கீழே சொல்றேன். முதல்ல நீ கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிடுறேன்.

சாப்பாட்டுக்குக் குறை இல்ல. நான் வேலை பார்க்குற முதியோர் இல்லத்துல மதியம் சோறு கொடுத்துடுறாங்க. ராத்திரிக்கு மட்டும் நான் குக்கர்ல வைக்கிறேன். இந்த வீட்டுல எண்ணெய் காய வச்சுப் பொரிக்கக் கூடாது, அதனால அப்பளம் கிடையாது. ஆனா வடகத்தைக் கொஞ்சமா எண்ணெய்ல விட்டுத் தாளிச்சேன் பாரு, வாசம் நடைபாதை முழுக்கப் போயிடுச்சு. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டி எட்டிப் பார்த்தாங்க. திட்டத்தான் வர்றாங்கன்னு பயந்துட்டேன். அவங்க சட்டியைக் காட்டி மூக்கை உறிஞ்சி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்க. ஒரு கிண்ணத்துல குழம்பு ஊத்திக் கொடுத்தேன். மறுநாள் அந்தக் கிண்ணத்துல ஆரஞ்சுப் பழம் வந்துச்சு.

அவங்களை நான் 'ஆ மா'ன்னு கூப்பிடுறேன், பாட்டின்னு அர்த்தம். எனக்குச் சீனம் தெரியாது, அவங்களுக்கு இங்கிலீஷ் வராது. அந்தக் காலத்துல சந்தையில எல்லா இனத்துக்காரங்களும் பேசின மலாய் அவங்களுக்குக் கொஞ்சம் தெரியும். என்னைப் பார்த்ததும் 'சுடா மக்கான்?'னு கேப்பாங்க. சாப்பிட்டாச்சான்னு கேக்குறாங்க. வீட்டு வாசல்ல வரிசையா பூந்தொட்டி வச்சிருக்காங்க. இங்கே தீ பிடிச்சா ஆளுங்க ஓடுறதுக்கு நடைபாதையில 1.2 மீட்டர் வழி விடணும்னு விதி இருக்கு. ஆ மா தையல்காரர் டேப்பை எடுத்துட்டு வந்து தொட்டிக்குத் தொட்டி அளந்து, கொஞ்சம் வெளியே வந்திருந்தாலும் உள்ளே தள்ளி வைப்பாங்க. டெங்கு வரும்னு தட்டுல தேங்குன தண்ணியை தினமும் கவிழ்ப்பாங்க. என் ஜன்னல்ல ஜாம் பாட்டில்ல மணி பிளான்ட் வச்சிருக்கேன், அந்தத் தண்ணியையும் மாத்தச் சொல்லி சைகை காட்டுவாங்க.

அவங்க கைவேலையைப் பத்தி எழுதணும். சீனப் புத்தாண்டுக்குக் கல்யாணம் ஆனவங்க சின்னப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகாதவங்களுக்கும் சிவப்பு உறையில பணம் வச்சுக் கொடுப்பாங்க. பணத்தை எடுத்துட்டு உறையைத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஆ மா அதையெல்லாம் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டு, மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்சு விளக்குக் கூடும் மீனும் அன்னாசிப் பழமும் செய்யுறாங்க. மலாய்க்காரங்க பெருநாளுக்குப் பச்சை உறை கொடுப்பாங்க, தீபாவளிக்கு மயில் போட்ட ஊதா உறை கிடைக்கும். எனக்கு வந்த ஊதா உறையையெல்லாம் அவங்ககிட்ட கொடுத்தேன். சிவப்பும் ஊதாவும் கலந்து ஒரு கூடு செஞ்சு, என்னைக் கேக்காமலே என் வாசல்ல கட்டிட்டுப் போயிட்டாங்க. அண்ணன் கல்யாணப் பந்தலுக்கு அது மாதிரி கொஞ்சம் செஞ்சு தரச் சொல்லியிருக்கேன். மடிச்சே அனுப்பலாம், அங்கே விரிச்சுக் கட்டிக்கலாம்.

ரூம்ல என்கூட இருந்த கோட்டயத்துப் பொண்ணு கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டா. இப்ப ரூம் எனக்கே எனக்குன்னு விசாலமா இருக்கு. வாடகையைப் பத்தி நீ யோசிக்காத. வேலை முடிஞ்சு வந்து படுத்தா சட்டுன்னு தூக்கம் வராது, அப்ப போன்ல படம் பார்ப்பேன். சினிமா இல்லம்மா. வீட்டுப் படங்கள். பின்டரெஸ்ட், இன்ஸ்டாகிராம், யூடியூப்னு எதைத் திறந்தாலும் யாராவது தன் வீட்டை எப்படி வச்சிருக்காங்க, கையால என்ன செஞ்சாங்கன்னு காட்டுறாங்க. பழைய ஏணியில தொட்டி அடுக்கினது, கிழிஞ்ச சட்டையில பூ தைச்சது, மண்பானையில விளக்கு வச்சதுன்னு வந்துக்கிட்டே இருக்கும். பிடிச்சதை 'நம்ம வீடு'ன்னு பேர் போட்டுத் தனியா சேர்த்து வைக்கிறேன்.

அதுல ஜப்பான்காரங்க தையல் ஒண்ணு இருக்கு, சாஷிகோன்னு பேரு. நீலத் துணியில வெள்ளை நூலால ஓட்டுத் தையல் போட்டுப் போட்டு நிரப்புறாங்க. விவசாயக் குடும்பத்துப் பொம்பளைங்க துணி நைஞ்சு போகாம இருக்கவும் குளிர் தாங்கவும் செஞ்சது. வங்காளத்துல பழைய சேலையை அடுக்கித் தைக்கிற காந்தாவும் அதே மாதிரிதான். அப்பாயி பழைய நூல் சேலையை மடிச்சுத் தைச்ச போர்வை இருக்குல்ல, அதைப் பரண்ல போட்டு வைக்காதீங்க. நான் வந்து எடுத்துக்குறேன்.

எல்லாப் படமும் பிடிக்கும்னு சொல்ல முடியாது. சுவர், தரை, நாற்காலி எல்லாம் ஒரே வெள்ளையா இருக்குற வீட்டை நிறையப் பேரு ஆசையா பார்க்குறாங்க. எனக்கு அது பிடிக்கல. அங்கே ஒரு முறம் மாட்ட இடம் இல்ல. குளிர் நாட்டு வீட்டுல கணப்பு மூட்டி கம்பளி போர்த்திக்கிட்டு இருக்குற படமும் வரும், நமக்கு அது எதுக்கு? இந்த ஊர்ல வருஷம் முழுக்க வேர்க்குது. மழை மட்டும் நம்ம ஊர்ல பெய்யுற அதே வடகிழக்குப் பருவமழை.

ஆனா ரெட் ஆக்சைடு தரையைப் போட்டு வீடு கட்டுறவங்க படம் வந்தா நான் நிறுத்தி முழுசா பார்ப்பேன். சிமெண்டோட அந்தச் சிவப்புப் பொடியைக் கலந்து, கரணையால ஒரே மூச்சா தேய்ச்சு, நாள் கணக்கா ஈரம் காயாம வச்சு எடுக்கிறாங்க. பாதியில நிறுத்தினா ஒட்டுத் தெரியுமாம், அதனால விடிஞ்சதுல இருந்து விடாம வேலை செய்யுறாங்க. பெங்களூர்லயும் சென்னையிலயும் அந்த வேலை தெரிஞ்ச கொத்தனாரைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்களாம். நம்ம திண்ணையில அது இருக்கும்மா. தாத்தா காலத்துல போட்டது, நீ வெள்ளிக்கிழமை தோறும் துடைச்சு, தேங்காய் எண்ணெய் தேய்ச்சுப் பளபளன்னு வச்சிருக்குற தரை. அதை இடிச்சிட்டு வழுக்குற டைல்ஸ் போடப் போறீங்க. அப்பாயி ஈரக் காலோட அதுல எப்படி நடப்பாங்க?

இங்கே தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, பழைய கடைவீடுகள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி கூரை போட்ட வழி விட்டிருப்பாங்க, ஐந்தடின்னு சொல்லுவாங்க. 1822-ல இந்த ஊரை நிறுவின வெள்ளைக்காரர் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்துல, மழையிலயும் வெயில்லயும் ஜனங்க ஒதுங்கி நடக்க ஒவ்வொரு வீட்டுக்காரரும் இடம் விடணும்னு விதி வச்சாங்க. இன்னைக்கும் அந்த நிழல்ல பூக்கட்டுறவங்க உட்கார்ந்திருக்காங்க. 1989-ல அந்த வட்டாரத்தையே பாதுகாக்கணும்னு அரசாங்கம் அறிவிச்சிடுச்சு, முகப்பை யாரும் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. பக்கத்துல பெட்டெய்ன் ரோடுன்னு ஒரு தெரு. ஜன்னலுக்குக் கீழே சுவர் முழுக்கப் பூப்போட்ட பீங்கான் ஓடு பதிச்ச வீடுங்க. அந்தக் காலத்துல இங்கிலாந்து, பெல்ஜியம், ஜப்பான்ல இருந்து அந்த மாதிரி ஓடுங்க கப்பல்ல வந்திருக்கு. லீவு நாள்ல அங்கே நடந்து போவேன். வெளிநாட்டுக்காரங்க வரிசையா நின்னு படம் எடுக்குறாங்க. இவ்வளவு நெருக்கடியான ஊரு, அடி நிலத்துக்குத் தங்க விலை. இவங்களே முன்வாசலை விட்டு வச்சிருக்காங்க. நமக்கு என்னம்மா இட நெருக்கடி?

கஜா புயல் அடிச்சதை நீ மறந்திருக்க மாட்ட. 2018 நவம்பர்ல கொல்லையில இருந்த தென்னை அத்தனையும் சாஞ்சு, ஓடு பறந்து, கரண்ட் இல்லாம நாள் கணக்கா கிடந்தோம். திண்ணை அசையல. தெருவுல வீடு போனவங்க எல்லாரும் நம்ம திண்ணையில வந்து உட்கார்ந்துதான் கஞ்சி குடிச்சாங்க. நீ அண்டாவுல கிண்ட, நான் தட்டு கழுவ, அப்பாயி யார் யாருக்குப் பாய் இல்லன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இத்தனை படம் பார்க்குறேன், அது மாதிரி ஆளுங்க உட்கார்ந்திருக்குற வீட்டை ஒண்ணுலயும் பார்க்கல. எல்லாம் அழகா துடைச்சு, ஆளில்லாம இருக்கு.

எனக்கு அந்தத் திண்ணையில ஒரு மத்தியானம் படுக்கணும்மா. வேற ஒண்ணும் வேணாம். தரை ஜில்லுன்னு முதுகுல படணும், உள்ளே நீ பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்கணும், அப்பாயி தெருவுல போறவங்களைக் கூப்பிட்டு வச்சுப் பேசணும். நான் வர்ற வரைக்கும் அது இருக்கணும். இதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுடு.

சரி, வேலையைப் பார்ப்போம். டைல்ஸ் வேணும்னு பொண்ணு வீட்டுல கேட்டாங்களா, இல்ல பட்டுக்கோட்டை அத்தை சொன்னதா? அண்ணனை விட்டு அண்ணிகிட்டயே கேக்கச் சொல்லு. உள்ளே ஹால் தரை நொறுங்கிப்போச்சு, அதை மாத்தத்தான் வேணும். அதுக்கு ஆத்தங்குடிக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க, காரைக்குடி பக்கம்தான். சூளையில வைக்காம, கண்ணாடி மேல வர்ணச் சிமெண்டை ஊத்தி, தண்ணியில ஊற வச்சு எடுக்குற கல்லு. நடக்க நடக்க மெருகு ஏறும். விலையைக் கேட்டுட்டு எனக்குச் சொல்லு, உடனே வாங்கிடாத. திண்ணையில ஓரத்துல விட்ட விரிசலை மட்டும் கீழத்தெரு கொத்தனார் தாத்தாவைக் கூப்பிட்டுப் பூசச் சொல்லலாம், அவருக்கு அந்த வேலை தெரியும். தூணுல இருக்குற பச்சை பெயின்ட்டைச் சுரண்டி எண்ணெய் போடச் சொல்லு. இடிச்சுக் கட்டுற செலவுல கால்வாசிகூட ஆகாது.

தாம்பூலத்துக்குத் துணிப்பை சொல்லியிருந்தா சொல்லியபடி இருக்கட்டும். சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்களுக்கு மட்டும் நீ வயர் கூடை போட்டுக் கொடேன். சின்னதா, சிவன் கண் முடிச்சுல. உன் கூடை படத்தை ஆ மாகிட்ட காட்டினேன். அவங்க சின்ன வயசுல சந்தைக்கு அது மாதிரிதான் கொண்டு போனாங்களாம், கையாலயே பின்னிக் காட்டினாங்க. அவங்களுக்கு ஒண்ணு வேணும். அரக்கும் மஞ்சளும் கலந்து போடு. சித்தப்பா மகன் பொங்கல் முடிஞ்சு திரும்பும்போது கொடுத்து விடு.

இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைவா வந்திருக்கும். ஓவர்டைம் கணக்கு அடுத்த மாசம்தான் சேரும், அப்ப மொத்தமா அனுப்பிடுறேன். அதுவரைக்கும் நகைச் சீட்டை நீ சமாளிச்சுக் கட்டிடும்மா, விட்டுடாத. தம்பி செமஸ்டர் ஃபீஸ் கடைசித் தேதியை அவனே எனக்கு எழுதி அனுப்பட்டும். அப்பாயி கண்ணுக்குப் புரை முத்துறதுக்கு முன்னாடி கல்யாணம் முடிஞ்ச கையோட காட்டிடணும், அப்பா நாளைக்கு நாளைக்குன்னு தள்ள வேணாம்னு நான் சொன்னதா சொல்லு. வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பேருல இருக்குறதையும் சித்தப்பா லீவுல வரும்போதே பேசி முடிச்சிடுங்க.

எனக்கு லீவு கேட்டிருக்கேன். கிடைச்சா முகூர்த்தத்துக்கு முதல் நாள் திருச்சியில இறங்கிடுவேன். கிடைச்சதும் சொல்றேன், அதுக்குள்ள தெருவுல யார்கிட்டயும் சொல்லிடாத.

அன்பு மகள்,
மலர்

பி.கு.: பத்திரிகை அடிக்கும்போது என் பேருக்குப் பின்னாடி சிங்கப்பூர்னு போடச் சொல்லி மாமா நிப்பாரு. வேணாம். அண்ணனோட தங்கச்சின்னு மட்டும் போடச் சொல்லு. பிளெக்ஸ்லயும் அப்படியேதான்.